அத்தியாயம் 6: அடிபம்பு வைத்த மறுநாளிலிருந்து

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்கோ பள்ளிக்கோ குடிநீர் வசதி செய்துதர முன்வரும் குழுக்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “ஒரு போர் போட என்ன செலவாகும்?” என்பதைத்தான். நன்கொடை திரட்ட அந்தத் தொகை தெரிந்தாக வேண்டும்; கேள்வியில் தவறில்லை. ஆனால் திட்டம் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு கேள்விகள். பம்பு நின்றுபோனால் எத்தனை நாளில், யார் வந்து சரிசெய்வார்? அவருடைய கூலியும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கிருந்து வரும்? குடிநீர், கழிப்பறைத் திட்டங்களைக் கட்டி முடித்தவற்றின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் கழிப்பறை உள்ளே போகும்படி இருந்தது என்பதால் அளக்க வேண்டும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது அதைத்தான். அப்படி அளப்பதென்று முடிவு செய்துவிட்டால், ரிக் வண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பராமரிப்புக்கான ஆளும் பணமும் முடிவாகியிருக்க வேண்டும்.

இதை மிகையான எச்சரிக்கை என்று ஒதுக்க முடியாது. சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது நாடுகளின் விவரங்களைத் திரட்டி, கிராமப்புற நீர்வழங்கல் வலையமைப்பு 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அடிபம்புகளில் 36 சதவீதம் ஓடவில்லை. பத்தாண்டுகள் கழித்து 2019-இல் வந்த விரிவான ஆய்வு, நான்கில் ஒன்று ஓடவில்லை என்றது. முன்னேற்றம் உண்டு, ஆனாலும் நான்கு பம்புக்குப் பணம் கொடுத்தால் ஓடுவது மூன்றுதான் என்ற கணக்குக்கு எந்த நன்கொடையாளரும் மனதாரச் சம்மதிக்க மாட்டார். பம்பு நிற்கும் நாட்களில் ஊர் தண்ணீர் குடிக்காமல் இருக்கப்போவதில்லை. குடங்களும் ஜெரிகேன்களும் பழையபடி குட்டைக்கும் ஓடைக்கும் போகும். சுத்தமான நீர் தரும் ஆரோக்கியப் பலனில் பெரும்பகுதி, சில நாட்கள் மட்டும் அசுத்த நீருக்குத் திரும்பினாலே கரைந்துவிடும் என்று 2009-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு காட்டியது. ஆகவே முப்பது நாள் நின்ற பம்பு, வருஷத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் இழக்கவில்லை. அந்த வருஷத்தின் பலனையே பெரும்பாலும் இழந்துவிட்டது.

பம்பு எளிதானால் போதுமா?

பம்பை எளிமையாக வடிவமைத்தால் பழுது பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு; அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1970-களில், வார்ப்பிரும்புப் பம்புகள் ஊர்ப்பொதுப் பயன்பாட்டைத் தாங்காமல் உடைந்துகொண்டிருந்தபோது, யுனிசெஃப் உதவியோடு ‘இந்தியா மார்க் 2’ உருவானது. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் ஆலை அதைத் தயாரித்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் களச் சோதனை நடந்தது. நம் தெருமுனைகளில் நின்ற அதே பம்புதான் பிறகு மாலி, புர்கினா ஃபாசோ, உகாண்டா என்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. உகாண்டாவில் அதன் உள்ளூர் வடிவத்துக்கு ‘யு2’ என்று பெயர். மேலே தெரியும் கைப்பிடியும் சங்கிலியும் உறுதியானவை. சிக்கல் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சிலிண்டரில் உள்ள வாஷரை மாற்ற, அதற்கு மேலே உள்ள ஜிஐ பைப்புகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். முப்பது மீட்டர் ஆழம் என்றால் மூன்று மீட்டர் பைப்புகள் பத்து. உள்ளிருக்கும் ராடுகளோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். கவ்விகளும் கனரகக் கருவிகளும் பழகிய நாலைந்து ஆட்களும் இல்லாமல் அந்த வேலை நடக்காது.

இதற்கு மாற்றாக 1980-களில் மலாவியிலும் கென்யாவின் குவாலே கடற்கரைப் பகுதியிலும் ‘ஆஃப்ரிடெவ்’ பம்பு உருவாக்கப்பட்டது. இதில் பைப் பிவிசி. பிஸ்டனைப் பைப்புக்குள்ளேயே மேலே இழுத்துவிடலாம். ஒரே ஸ்பானரால் பெரும்பாலான வேலை முடியும். ஊர்க்காரர்களே, குறிப்பாகத் தண்ணீர் சுமக்கும் பெண்களே, பழுது பார்க்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல வடிவமைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆஃப்ரிடெவ்களும் நின்றுபோயின. ஸ்பானர் ஊரில் இருந்தது. ரப்பர் சீல் விற்கும் கடை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அல்லது கடையில் சரக்கே இல்லாவிட்டால், ஸ்பானரை வைத்து என்ன செய்வது? பம்பு எந்த வகையாக இருந்தாலும், தேயும் பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சந்தை ஊரில் அவை கிடைக்கின்றனவா, என்ன விலை என்று விசாரித்த பிறகே தேர்வு செய்யுங்கள். அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே பரவியிருக்கும் வகையைத் தேர்ந்தால் மெக்கானிக்கும் கிடைப்பார், உதிரிப்பாகமும் கிடைக்கும். புதுமையான பம்பைக் கொண்டுபோய் இறக்கினால் அதற்கு ஊரில் உறவுக்காரரே இருக்க மாட்டார்.

புதுமையின் கவர்ச்சி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு ‘பிளேபம்ப்’ நல்ல பாடம். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடும்போதே தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும் என்ற இந்தத் தென்னாப்பிரிக்கக் கருவிக்காக, 2006-இல் அமெரிக்காவில் பெரும் இயக்கமே தொடங்கியது. ஆறு கோடி டாலர் திரட்டி, பத்து நாடுகளில் நாலாயிரம் பம்புகள் வைப்பது திட்டம். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஆளுக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு 37,500 லிட்டர் வேண்டும். பம்பு மணிக்கு இறைப்பது 1,400 லிட்டர். வகுத்துப் பார்த்தால், குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணிநேரம் விளையாட வேண்டும்! 2009-இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் பள்ளிக்குள் இருக்கும் நேரத்தில் பெரிய பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. விலையோ சாதாரண அடிபம்பைப்போல நாலு மடங்கு. ஒரு கால்குலேட்டரும் பத்து நிமிடமும் இருந்திருந்தால் இந்தத் தவறு காகிதத்திலேயே பிடிபட்டிருக்கும். சோலார் பம்பு முதலிய இன்றைய புதுமைகளுக்கும் அதே பரிசோதனையைச் செய்யுங்கள்: நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை பேருக்கு, பழுதானால் யார் தொடுவார்?

அடிபம்புக்கான கணக்கு எளிது. மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் இறைக்கலாம். 250 பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 5,000 லிட்டர்; ஐந்து மணிநேரம் ஓயாமல் அடிக்க வேண்டும். காலையும் மாலையும் கூட்டம் சேரும் என்பதால், ஒரு பம்புக்கு 250 முதல் 300 பேர் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து செய்யும் கண்காணிப்பில், வரிசையில் நிற்பதையும் சேர்த்துப் போய்வர முப்பது நிமிடத்துக்கு மேல் ஆனால் அதை ‘அடிப்படை வசதி’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் குழாய் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் அந்தச் சுமை பெண்கள், சிறுமிகள் தலையில் விழுகிறது. வரிசை நீள நீள, முதலில் பள்ளிக்கு மட்டம் போடுபவள் வீட்டின் மூத்த பெண்.

போர் போடும்போதே தீர்மானமாகும் ஆயுள்

பராமரிப்புக்கு முன்பே, துளையிடும் நாளிலேயே பாதிப் பழுதுகள் விதைக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் போர் போட்டால் நிலத்தடி நீர் மேலே இருக்கும். தண்ணீர் பீறிட்டு வரும். புகைப்படமும் நன்றாக இருக்கும். கோடையின் கடைசியில் அதே துளை காற்றை இறைக்கும். வறட்சி முடியும் தறுவாயில் நீர்மட்டம் எங்கே இருக்கும் என்பதை வைத்தே ஆழத்தையும் சிலிண்டர் இருக்கும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் துளையின் மீட்டர் கணக்கில் மட்டும் பணம் பேசாதீர்கள். நீர்வரத்துச் சோதனை, எந்த ஆழத்தில் என்ன மண், என்ன பாறை என்ற பதிவேடு, நீர்த் தரச் சோதனை ஆகியவற்றை ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவிடுங்கள்.

நீர்த் தரத்தில் இரண்டை மறக்கவே கூடாது. எத்தியோப்பியாவிலிருந்து கென்யா வழியாக டான்சானியா வரை நீளும் பிளவுப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டினால் பற்களில் கறை படியும், மேலும் கூடினால் எலும்பு பாதிக்கும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. இரண்டாவது, நீரின் அமிலத்தன்மை. பிஎச் 6.5-க்குக் கீழே உள்ள நீரில் ஜிஐ பைப்பும் ராடும் துருப்பிடிப்பதை மேற்கு ஆப்பிரிக்காவில் 1980-களிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். துத்தநாகப் பூச்சு கரைந்து, இரும்பு அரித்து, மறை தேய்ந்து, ஒருநாள் ராடு அறுந்து பைப்போடு கிணற்றுக்குள் விழுகிறது. அதற்கு வெகுமுன்பே தண்ணீர் சிவக்கத் தொடங்கும். துணியில் கறை பிடிக்கும், சோறு நிறம் மாறும், வாயில் இரும்பு வாடை அடிக்கும். பெண்கள் அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு ஓடைக்குப் போவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் “இவர்களுக்குச் சுகாதார அறிவு போதவில்லை” என்று எழுதுவார்கள். குற்றம் பைப்பில் இருக்கிறது. இதை உணர்ந்து உகாண்டா அரசு 2016-இல் அடிபம்புகளுக்கு ஜிஐ பைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. அமில நீர் உள்ள இடத்தில் தரமான துருப்பிடிக்காத எஃகோ பிவிசியோ போடுங்கள். கூடுதல் செலவு ஒருமுறைதான். மிச்சமாவது பல வருஷம்.

ஏழைகளிடம் பணம் கேட்கலாமா?

பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் முதல் மறுப்பு இது. குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010-இல் அறிவித்திருக்கிறது. நாளைக்கு ஒரு வேளை உணவுக்குத் திண்டாடும் குடும்பத்திடம் தண்ணீருக்குக் காசு கேட்பது நியாயமா? மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பம்பு நிற்கும்போது அந்தக் குடும்பம் காசு கொடுக்காமல் இருப்பதில்லை. சைக்கிளில் ஜெரிகேன் கட்டி விற்பவரிடம் பல மடங்கு கொடுத்து வாங்குகிறது; இல்லையென்றால் நடையாகவும், நோயாகவும், மருந்துச் செலவாகவும் கொடுக்கிறது. கேள்வி, பணம் தேவையா என்பதில் இல்லை. எவ்வளவு, யார், எப்போது என்பதில் இருக்கிறது. புர்கினா ஃபாசோ, கானா, மொசாம்பிக், ஆந்திரா ஆகிய இடங்களில் நடந்த வாஷ்காஸ்ட் ஆய்வு 2011 விலையில் ஒரு கணக்குத் தந்தது. போரும் அடிபம்பும் அமைக்கத் தலைக்கு 20 முதல் 61 டாலர். அதன் பிறகு சேவை தொடர வருஷத்துக்குத் தலைக்கு 3 முதல் 6 டாலர். 300 பேர் ஊருக்கு அது வருஷம் 900 முதல் 1,800 டாலர். இதில் வாஷர் மாற்றும் சில்லறைச் செலவு மட்டுமில்லை. பெரும்பழுது, மேற்பார்வை, பயிற்சி எல்லாம் அடங்கும். இவ்வளவையும் ஊர் தனியாகத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது ஏமாற்று வேலை. அதனால் அன்றாடப் பழுதுக்கு ஊர், பெரும்பழுதுக்கு மாவட்ட நிர்வாகமோ அறக்கட்டளையோ என்று எழுத்தில் பங்கு பிரித்துக்கொள்வதே நேர்மையான வழி.

“ஊரே சொந்தமாக ஏற்றுக்கொண்டால் ஊரே காப்பாற்றும்” என்பது அடுத்த வாதம். முப்பது வருஷமாகத் திட்ட ஆவணங்களில் இதுதான் மந்திரம். திறப்பு விழாவில் நீர்க் குழு அமைப்பார்கள்; தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் எழுதுவார்கள்; இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டு வருஷம் பம்பு பழுதே ஆகாமல் ஓடும். அதற்குள் பொருளாளர் நகரத்துக்குப் பிழைக்கப் போயிருப்பார். பயிற்சி பெற்ற இளைஞர் கற்றதை மறந்திருப்பார். சேர்த்த பணம் எங்கே என்ற சந்தேகத்தில் யாரும் புதிதாகக் கொடுக்க மாட்டார்கள். இதில் ஊராரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நகரத்தில் இருக்கும் நாம் யாரும் தெருக் குழாயை நாமே பழுதுபார்ப்பதில்லை. குடிநீர் வாரியத்துக்கு வரி கட்டிவிட்டு ஃபோன் செய்கிறோம். ஏழை ஊரிடம் மட்டும் சம்பளமில்லாத பொறியாளர்களை எதிர்பார்ப்பது எந்த வகை நியாயம்?

இந்தக் கேள்விக்குக் கென்யாவின் கிட்டூயி மாவட்டத்தில் ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. க்யூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிபம்புகளின் கைப்பிடிக்குள் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடி எத்தனை முறை அசைகிறது என்பதை அது குறுஞ்செய்தியாக அனுப்பும். அசைவு நின்றால் பம்பு நின்றது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். முன்பு பழுதைச் சரிசெய்யச் சராசரியாக 27 நாள் ஆனது. சோதனையின்போது மூன்று நாளுக்குள் வந்தது. கருவியைவிட முக்கியம் அதன் பின்னால் இருந்த ஏற்பாடு: பல ஊர்களின் பம்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் குழு, உதிரிப்பாகக் கையிருப்பு, விரைவாகச் சரிசெய்தே தீர வேண்டிய பொறுப்பு. இதிலிருந்து பிறந்த ஃபண்டிஃபிக்ஸ் நிறுவனம், ஊர்க் கட்டணமும் பராமரிப்பு அறக்கட்டளை நிதியும் சேர்ந்த முறையில் கிட்டூயியிலும் குவாலேயிலும் வேலை செய்கிறது. உகாண்டாவில் ‘வேவ்’ அமைப்பு, உடைந்ததைச் சரிசெய்ததற்கு மெக்கானிக்குக்குக் கூலி கொடுப்பதை விட்டு, பம்பு ஓடிய நாட்களுக்குக் கொடுக்கிறது. பம்பு உடைந்தால்தான் வருமானம் என்ற நிலை மாறி, உடையாமல் இருந்தால் வருமானம் என்றாகிறது. உங்கள் திட்டப் பகுதியில் இப்படி ஒரு சேவை இருந்தால் அதோடு ஒப்பந்தம் போடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பத்து இருபது ஊர்களைச் சேர்த்து ஒரு மெக்கானிக்கை அமர்த்த முடியுமா என்று பாருங்கள். ஒற்றை ஊர், ஒற்றைப் பம்பு என்ற திட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

வசூல் காலமும் முக்கியம். மழை பெய்தால் வீட்டு வாசலிலேயே தண்ணீர். பம்புக்கு வரும் கூட்டம் குறையும். குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் மழை மாதங்களில் கல்லா காலியாகும். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் வாரங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் வாங்குவதும், முதியவர் தனித்திருக்கும் வீடுகளுக்கு விலக்குக் கொடுப்பதும், கணக்கைப் பம்படியில் பலகையில் எழுதி வைப்பதும் பல இடங்களில் பயன் தந்த முறைகள்.

பம்பிலிருந்து குவளை வரை

பம்பு ஓடுவதால் மட்டும் குடிக்கும் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. மேற்குக் கென்யாவில் பூசியா பகுதியில் ஊற்றுகளைச் சுற்றிக் கட்டிக் காத்தபோது, ஊற்றில் மலக்கிருமி மாசு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. வீட்டில் சேமித்த நீரிலோ நான்கில் ஒரு பங்குதான் குறைந்தது. இடையில் ஜெரிகேனின் உட்புறப் பாசி, மூடியில்லாத குடம், உள்ளே விட்ட கை எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிட்டன. அதனால் நீர் எடுக்கும் இடத்திலேயே குளோரின் கலக்கும் ஏற்பாடு தேவை. பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் வால்வைத் திருப்பினால் 20 லிட்டர் ஜெரிகேனுக்கு வேண்டிய அளவு மட்டும் விழும் என்ற எளிய முறை கென்யா, உகாண்டா, மலாவி கிராமங்களில் பரவியிருக்கிறது. ஊற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் குளோரின் தன் வேலையை முடித்துவிடும். அரைமணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் அளவு சரி. நீரைச் சுத்திகரிக்கும் முறைகளை ஆராய்ந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிகிறது. இத்தனை மலிவாக இத்தனை உயிர் காக்கும் வழிகள் அரிது. ஆனால் பெட்டி காலியானால் பலன் பூஜ்யம். அதை நிரப்பும் ஆளின் பெயரும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

கழிப்பறை: குழி நிரம்பும் நாள்

வீட்டுக் கழிப்பறையில் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, மானியம் கொடுத்துக் கட்டித் தருவது. மற்றொன்று, வங்காளதேசத்தில் கமல் கார் தொடங்கிவைத்து ஆப்பிரிக்கா வரை வந்த சமுதாய இயக்கமுறை: ஊரே கூடித் தங்கள் திறந்தவெளிப் பழக்கத்தின் விளைவைக் கண்ணால் பார்த்து, தாங்களே குழி வெட்டிக்கொள்வது. மாலியின் கூலிகோரோ பகுதியில் 121 ஊர்களில் நடந்த சோதனையில், மானியமில்லாத இந்த முறை நடந்த ஊர்களில் 65 சதவீத வீடுகளில் சொந்தக் கழிப்பறை இருந்தது; நடக்காத ஊர்களில் அது 35 சதவீதம்தான். குழந்தைகளின் வளர்ச்சியிலும் சிறு நன்மை தெரிந்தது. ஆனால் மண்ணிலும் மரக்கட்டையிலும் கட்டிய குழிகள் மழையில் சரிவதும், நிரம்பியதும் கைவிடப்படுவதும் உண்டு. பழக்கத்தை மாற்ற ஊர்க்கூட்டமும், கட்டியதை நிலைக்க வைக்கச் சிமெண்ட் பலகையும் கொத்தனார் பயிற்சியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

குழியின் ஆயுளைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். இலை, காகிதம் கொண்டு துடைக்கும் வழக்கமுள்ள இடத்தில் ஆளுக்கு வருஷம் 60 லிட்டர் சேரும் என்பது வழக்கமான அளவு. ஆறு பேர் வீட்டில் 360 லிட்டர். ஒரு மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உள்ள குழியில் மேலே அரை மீட்டர் விட்டால் 2,500 லிட்டர். ஏறக்குறைய ஏழு வருஷம். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே, கிணற்றிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 1970-களில் ஜிம்பாப்வேயின் பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மோர்கன் வடிவமைத்த காற்றோட்டக் கழிப்பறை, நாற்றத்தையும் ஈயையும் ஒரே குழாயால் அடக்குகிறது. கூரைக்கு மேல் அரை மீட்டர் உயர்ந்த குழாயின் வாயில் காற்று வீசும்போது குழியின் காற்று மேலே இழுபடும். ஈக்கள் வெளிச்சத்தை நோக்கிக் குழாய்க்குள் ஏறி, மேலுள்ள வலையில் மாட்டும். உள்ளே அரையிருட்டாக இருந்தால்தான் இது நடக்கும். கதவைத் திறந்து போட்டாலோ வலை கிழிந்தாலோ அத்தனையும் வீண். பல இடங்களில் குழாய் நிற்கிறது, வலை இல்லை.

இங்கே ஒரு கடினமான மறுப்பைச் சந்திக்க வேண்டும். கென்யாவின் மேற்கு மாவட்டங்களிலும் ஜிம்பாப்வேயிலும் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் 2018-இலும் 2019-இலும் முடிவு வெளியிட்டன. கழிப்பறை, குளோரின், கைகழுவல் எல்லாம் கொடுத்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை, வயிற்றுப்போக்கும் குறையவில்லை. அப்படியானால் எதற்கு இந்தச் செலவு? முடிவுகளை மறைக்கக் கூடாது. அவற்றிலிருந்து சரியான பாடத்தை எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு குழி வெட்டினாலும் முற்றத்தில் கோழியும் ஆடும் திரிந்தன. குழந்தை அந்த மண்ணில்தான் தவழ்ந்தது. தண்ணீர் இன்னும் தூரத்திலிருந்துதான் வந்தது. நோயைத் துரத்த அந்த அளவு மாற்றம் போதவில்லை. எனவே “கழிப்பறை கட்டினால் குழந்தை உயரமாகும்” என்று நன்கொடைக் கடிதத்தில் எழுதாதீர்கள். காலரா வந்தால் அது எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதை 2022-23-இல் மலாவி பார்த்தது: ஏறத்தாழ 59,000 பேருக்கு நோய், 1,700-க்கு மேல் சாவு. காலரா போன்ற நோயிலிருந்து பாதுகாப்பு, பெண்களுக்கு மிச்சமாகும் நேரம், இருட்டில் புதர் தேடாத மானம் இவையே உறுதியாகச் சொல்லக்கூடிய பலன்கள். இவை போதாதென்று யாரும் சொல்ல முடியாது.

பள்ளியில்

உலகப் பள்ளிகளில் 29 சதவீதத்தில் 2021-இல் அடிப்படைக் குடிநீர் வசதி இல்லை. சகாராவுக்குத் தெற்கே நிலை இதைவிட மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்: 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்க் கூடமும், பகல்நேரப் பள்ளியில் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் நீர். முந்நூறு மாணவிகளும் முந்நூறு மாணவர்களும் உள்ள பள்ளிக்குப் பெண்பிள்ளைகள் பக்கம் 12, பையன்கள் பக்கம் 6 கழிப்பறைகள், தினம் 3,000 லிட்டர் தண்ணீர். எண்ணிக்கை குறைந்தால் குழி எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று பாருங்கள். வீட்டு அளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 25 பேர் பயன்படுத்தும் 2,500 லிட்டர் குழி ஐந்து வருஷம் தாங்கும். அதே குழியை நூறு பேர் பயன்படுத்தினால் பதினைந்தே மாதம்.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்குக் கென்யாவின் நியான்சா பகுதிப் பள்ளிகளில் நடந்த ஆய்வு அதிர்ச்சியான சான்று தந்தது. புதுக் கழிப்பறை கட்டிய பள்ளிகளில் மாணவிகளின் கைகளில் மலக்கிருமி குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கழிப்பறை வந்ததும் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தினார்கள். துடைக்கக் காகிதமோ, கைகழுவ சோப்போ போதுமான அளவு இல்லை. அதே ஆய்வுத் திட்டத்தில், அக்காலத்தில் தேர்தலுக்குப் பின் எழுந்த கலவரம் தொடாத பகுதிகளில், நீர்ச் சுத்திகரிப்பும் சுகாதாரப் போதனையும் பெற்ற பள்ளிகளில் மாணவிகள் மட்டம் போடுவது நன்றாகக் குறைந்தது. ஆகவே பள்ளி நிதியில் சோப்புக்கு ஒரு வரி இருக்க வேண்டும். கட்டிச் சோப்பு களவு போகிறதென்றால் துணி துவைக்கும் தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள். நான்கு குச்சி, ஒரு கயிறு, ஒரு பழைய கேன் இருந்தால் காலால் மிதித்துக் கைகழுவும் அமைப்பை மாணவர்களே செய்துவிடுவார்கள். கழிப்பறை கழுவும் முறையை வகுப்புவாரியாகச் சுழற்றுங்கள். தண்டனையாகவோ, பெண்பிள்ளைகளின் வேலையாகவோ ஆக்காதீர்கள்.

இரண்டு விஷயங்களில் சிக்கனம் கூடாது. முதலாவது, சிறு குழந்தைகளின் பாதுகாப்பு. 2014 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணப் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து இறந்தான்; 2018-இல் இன்னொரு ஐந்து வயதுக் குழந்தையும் அப்படியே இறந்த பிறகுதான் அரசு பள்ளிக் கழிப்பறைகளுக்குத் தனித் திட்டம் அறிவித்தது. உறுதியான சிமெண்ட் தளமும், குழந்தை விழ முடியாத அளவு சிறிய துளையும் கட்டாயம். இரண்டாவது, மாதவிடாய். உள்ளே தாழ்ப்பாள், கழுவத் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகிய மூன்றும் இல்லாத கழிப்பறையை வளர்ந்த பெண்பிள்ளைகள் பயன்படுத்த மாட்டார்கள். ருவாண்டாவில் பள்ளிகளில் இதற்கெனத் தனியறை ஒதுக்குவது அரசுக் கொள்கையாகவே இருக்கிறது.

கையெழுத்திடும் முன்

இவ்வளவையும் யார் பார்ப்பது, இது அரசின் வேலையல்லவா என்பது கடைசி மறுப்பு. அரசின் வேலைதான். அதனாலேயே மாவட்ட நீர் அலுவலகத்தையும் கல்வி அலுவலகத்தையும் ஒதுக்கிவிட்டு நேரடியாக ஊருக்குப் போகாதீர்கள்; அவர்களுடைய பட்டியலில் ஏறாத பம்பை அவர்கள் ஒருநாளும் பழுதுபார்க்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பழுதுபார்ப்பவரின் பெயர், உதிரிப்பாகம் கிடைக்கும் கடை, ஆண்டுப் பராமரிப்புத் தொகை, அதில் ஊர், அரசு, உங்கள் குழு ஆகியோரின் பங்கு, குழி நிரம்பும் வருஷம், பள்ளியில் சோப்பு வாங்கும் பொறுப்பாளர், ஐந்தாம் ஆண்டு வந்து கணக்குப் பார்ப்பவர். தாளில் ஒரு வரி காலியாக இருந்தாலும் துளையிடத் தொடங்க வேண்டாம். அதே மாவட்டத்தில் நின்றுபோன பம்புகளின் பட்டியலை நீர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, உங்கள் பணத்தின் முதல் பகுதியை அவற்றை ஓடவைக்கச் செலவிடுங்கள். ஒரு புதிய போரின் விலையில் பழைய பம்புகள் பலவற்றுக்கு உயிர் கொடுக்கலாம்; பராமரிப்பு ஏற்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.